டிரில்லில் ஒழுங்காகப் போகும் பாஸ், ஆட்டத்தில் எங்கே போய்விடுகிறது?

சனிக்கிழமை_கோச்

வணக்கம். பதினோரு வயதுப் பிள்ளைகள் பதினான்கு பேரைப் பார்த்துக்கொள்கிறேன். கோச்சிங் படித்தவன் இல்லை. மகனைச் சேர்க்கப் போனேன், கோன் அடுக்க ஆள் வேண்டும் என்றார்கள், இரண்டே வாரத்தில் விசில் என் கழுத்துக்கு வந்துவிட்டது.

பிரச்சினை இதுதான். பயிற்சியில் எதிரெதிராக இரண்டு வரிசை நிற்கவைத்து, பத்து மீட்டர் இடைவெளியில் பாஸ் போடச் சொல்கிறேன். போட்டவன் எதிர் வரிசையின் பின்னால் ஓடிப்போய் நிற்க வேண்டும். பார்க்கக் கண் குளிரும், பந்து அவ்வளவு சுத்தமாகப் போகும். அதே பிள்ளைகள் சனிக்கிழமை ஒன்பது பேர் ஆட்டத்தில் இறங்கினால் யாரோ எவரோ மாதிரி ஆடுகிறார்கள். போன வாரம் கையில் பேனாவோடு நின்று எண்ணினேன். முதல் பாதி முழுக்க எங்கள் பக்கம் தொடர்ந்தாற்போல நாலு பாஸ் ஒருமுறைகூடச் சேரவில்லை.

அதிலும் ஒரு பையன், ஆறாம் நம்பர் சட்டை. டிரில்லில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஆட்டத்தில் பந்து காலுக்கு வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு முன்பக்கமாக ஓங்கி அடித்துவிடுகிறான். ஏன்டா என்றால் "யாருமே இல்ல சார்" என்கிறான். ஐந்தடி தள்ளி நம்மாள் நிற்கிறான்.

டிரில்லை இன்னும் கூட்ட வேண்டுமா, மாற்ற வேண்டுமா, இல்லை வயது ஆக ஆகத் தானே வந்துவிடுமா?

எட்டாம்_நம்பர்

வரிசை டிரில்லை நிறுத்துங்கள். முதல் வேலை அது.

கோபத்தில் சொல்லவில்லை, நானும் ஆறு வருடம் அதையே செய்தவன். அந்த வரிசையில் நிற்கும் பையன் எதை முடிவு செய்கிறான் என்று யோசித்துப் பாருங்கள். யாருக்குப் போடுவது? எதிரே ஒருத்தன்தான். எப்போது? வந்ததும். எந்தப் பக்கம், எவ்வளவு வேகம்? எல்லாமே ஏற்கெனவே முடிவானது. அவனிடம் மிச்சமிருப்பது காலை ஆட்டுவது மட்டும். ஆட்டத்தில் இந்த நாலு கேள்விக்கும் விடை தெரிந்த பிறகுதான் காலுக்கே வேலை. உங்கள் ஆறாம் நம்பர் பாஸில் தோற்கவில்லை, அதற்கு முந்தைய நொடியில் தோற்கிறான்.

இது பயிற்சி ஆராய்ச்சியில் பழைய சங்கதி. ஷே, மார்கன் என்ற இருவர் 1979-இல் கை அசைவுகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தவர்கள் பயிற்சி நேரத்தில் நன்றாகச் செய்தார்கள். அசைவுகளை மாற்றி மாற்றிக் கலந்து செய்தவர்கள் அப்போது தடுமாறினார்கள், ஆனால் பிற்பாடு சோதித்தபோது இவர்களுக்குத்தான் அதிகம் நினைவில் நின்றிருந்தது. உங்கள் கண்ணைக் குளிர வைத்த அந்தச் சுத்தம்தான் உங்களை ஏமாற்றுகிறது. பயிற்சி கொஞ்சம் அலங்கோலமாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள்.

அந்த நேரத்துக்கு ரொண்டோ வையுங்கள். சதுரத்தின் நாலு பக்கமும் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று பாஸ் போட வேண்டும், நடுவில் நிற்கும் ஒருத்தன் பந்தைத் தட்டிப் பறிக்கப் பார்ப்பான். பதினோரு வயதுக்கு எட்டு மீட்டர் சதுரம் போதும், திணறினால் பத்தாக்குங்கள். வெளியே நிற்பவன் மரம்போல நிற்கக் கூடாது, தன் பக்கக் கோடு முழுக்க நகர வேண்டும். பந்து வைத்திருப்பவனுக்கு எப்போதும் இரண்டு பேர் தெரிய வேண்டும். இந்த ஒரு சட்டம் போதும், மற்றதைச் சதுரமே சொல்லிக்கொடுக்கும். பார்சிலோனாவின் இளையோர் பயிற்சிக்கு இதைக் கொண்டுவந்தவர் லௌரியானோ ரூயிஸ், 1970-களில். பிறகு 1988 முதல் 1996 வரை அங்கே பயிற்சியாளராக இருந்த யோஹான் க்ரைஃப் அதை அந்த கிளப்பின் அன்றாட வேலையாகவே ஆக்கிவிட்டார்.

கணுக்கால்

> வரிசை டிரில்லை நிறுத்துங்கள்.

இதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். இப்போதெல்லாம் ரொண்டோ, ரொண்டோ என்று மந்திரம் போலச் சொல்கிறார்கள். காலே சரியாகப் பந்தில் படாத பிள்ளையை ரொண்டோவில் நிறுத்தினால் அவன் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: பந்து வந்தால் அவமானம்.

கோச், ஒரு காரியம் செய்யுங்கள். போனை முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையும் போடும் பத்து பாஸைப் பக்கவாட்டிலிருந்து படம் எடுங்கள். மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அடிக்கும் காலைப் பார்க்காதீர்கள், ஊன்றும் காலைப் பாருங்கள். பாதித் தவறு அங்கேதான் இருக்கும். ஊன்றும் கால் பந்துக்குப் பின்னாலேயே நின்றுவிட்டால் உடம்பு சாய்ந்து பந்து எகிறும். பந்தைத் தாண்டிப் போய்விட்டால் பந்து காலடியில் சிக்கும். பந்துக்குப் பக்கத்தில், ஒரு கை அகலம் விட்டு, விரல்கள் போட வேண்டிய திசையைப் பார்க்க ஊன்ற வேண்டும். அப்புறம் அடிக்கும் காலின் கணுக்கால் விறைப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். விரல் நுனி கொஞ்சம் மேலே தூக்கியிருந்தால் கணுக்கால் தானாகப் பூட்டிக்கொள்ளும். தொளதொளவென்று விட்டால் எவ்வளவு ஓங்கினாலும் பந்தில் உயிர் இருக்காது.

காதாலும் கண்டுபிடிக்கலாம். காலின் உட்பக்கம் பந்தின் நடுவில் சரியாகப் பட்டால் 'தப்' என்று ஒற்றைச் சத்தம் வரும். உரசினால் 'சர்ர்' என்று இழுக்கும். பந்து தரையோடு உருண்டு போனால் சரி. முயல்போலத் துள்ளித் துள்ளிப் போனால் அடிப்பாகத்தில் பட்டிருக்கிறது, வாங்குபவன் பாடு திண்டாட்டம்.

கேட்கச் சிரிப்பு வரலாம், பந்தையும் பாருங்கள். பதினோரு வயதுக்கு 4-ஆம் எண் பந்துதான். பெரியவர்கள் ஆடும் 5-ஆம் எண் பந்து 68 முதல் 70 செ.மீ. சுற்றளவு, 410 முதல் 450 கிராம் எடை. அதைச் சின்னக் கால்களுக்குக் கொடுத்துவிட்டு "ஏன்டா பாஸ் போய்ச் சேரவில்லை" என்று கேட்கிறோம். காற்றைக் கல் மாதிரி அடித்துவைத்தாலும் இதே கதைதான். பந்து காலில் பட்டதும் ஒரு மீட்டர் எகிறும், பையனுக்கு வரவில்லை என்று நாம் சொல்வோம்.

சனிக்கிழமை_கோச்

கணுக்கால் சார், இப்போதுதான் போய் என் பையில் இருந்த பந்துகளை அமுக்கிப் பார்த்தேன். எட்டில் ஐந்து கல். இரண்டு 5-ஆம் எண். எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை.

இடதுகால்_அம்மா

நான் கோச் இல்லை, ஓரத்தில் நிற்கும் பெற்றோர். என் மகளுக்குப் பத்து வயது, இடதுகால்காரி. அவளிடமும் இதே பிரச்சினை இருந்தது, பந்து வந்ததும் எங்கேயாவது அடித்துவிடுவாள்.

ஒருநாள் வீட்டுக்கு வரும் வழியில் அவளே சொன்னாள்: "பந்து வந்த உடனே எல்லாரும் கத்துறாங்கம்மா. ஒருத்தர் அடிங்கறாங்க, ஒருத்தர் இங்க போடுங்கறாங்க, நீ திரும்புங்கற. யார் சொல்றதக் கேக்கறது? அதான் அடிச்சிட்டேன்."

'நீ திரும்புங்கற.' அந்த மூன்றாவது ஆள் நான்தான்.

அடுத்த ஆட்டத்திலிருந்து வாயை மூடிக்கொண்டேன். அது எவ்வளவு கஷ்டம் என்று முயன்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கோச், உங்கள் ஆறாம் நம்பருக்கு ஓரத்திலிருந்து எத்தனை பேர் கத்துகிறார்கள் என்று ஒரு ஆட்டம் எண்ணிப் பாருங்களேன். அந்த எண்ணிக்கையில் உங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய_கீப்பர்

இருபது வருடம் கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றவன். எல்லோருடைய முதுகையும் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு விஷயம் மட்டும் நன்றாகத் தெரியும். பாஸ் தப்பினால் போட்டவனைத் திட்டுகிறோம், ஒளிந்து நின்றவனை யாரும் திட்டுவதில்லை.

அந்தப் பையன் "யாருமே இல்ல சார்" என்று சொன்னது பொய் இல்லை கோச். ஐந்தடியில் நம்மாள் நின்றான் என்கிறீர்கள், சரி. பந்துக்கும் அவனுக்கும் நடுவில் எதிரணி ஆள் நின்றானா? அப்படியென்றால் பந்து வைத்திருப்பவன் கண்ணுக்கு அவன் இல்லாத ஆள்தான். ஓரத்தில் இருந்து பார்க்கும் உங்களுக்குத் தெரிகிறான், அவனுக்குத் தெரிய மாட்டான். பிள்ளைகள் எதிராளியின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு கையைத் தூக்கி "பாஸ், பாஸ்" என்று கத்துவார்கள். ரெண்டே எட்டு பக்கவாட்டில் நகர்ந்தால் வழி திறந்துவிடும். அந்த ரெண்டு எட்டை யாரும் சொல்லித் தருவதில்லை.

நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இவ்வளவுதான்: "உன்னால் பந்தைப் பார்க்க முடிகிறதா? பந்து வைத்திருப்பவன் உன் பூட்ஸைப் பார்க்க முடிகிறதா?" இரண்டுக்கும் ஆமாம் என்றால் நில். இல்லையென்றால் நகர்.

கீப்பரையும் மறக்காதீர்கள். தன் அணிக்காரன் வேண்டுமென்றே காலால் தள்ளிய பந்தைக் கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்று 1992-இல் விதி வந்த நாளிலிருந்து அவனும் பாஸ் ஆடும் ஆள்தான். 2019-இல் கோல் கிக்கின்போது பந்து பெனால்டி பகுதியை விட்டு வெளியே போக வேண்டியதில்லை என்று மாற்றிய பிறகு அவன் வேலை இன்னும் கூடிவிட்டது. சின்னப் பிள்ளைகள் ஆட்டங்களில் பல இடங்களில் கோல் கிக் அடிக்கும்போது எதிரணி ஒரு கோடு வரை பின்வாங்கி நிற்க வேண்டும் என்று விதியே உண்டு, முதல் பாஸை நிதானமாகப் போடட்டும் என்றுதான். உங்கள் போட்டியில் அந்த விதி இருந்தால் பயன்படுத்துங்கள். இருந்தும் கீப்பரை ஓங்கி அடிக்கச் சொல்லும் கோச்கள் நிறைய.

பின்னால் கீப்பருக்குப் போடும் பாஸ் மட்டும் எப்போதும் கம்பத்துக்கு வெளியே போகும் திசையில் இருக்கட்டும். கீப்பர் கோட்டைவிட்டால் கார்னரோடு போய்விடும். இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

எட்டாம்_நம்பர்

கீப்பர் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வாங்குபவன் நகர்ந்தால் மட்டும் போதாது, பந்து வரும் முன்பே தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும்.

நார்வேயைச் சேர்ந்த கெயிர் யோர்டெட் என்ற ஆய்வாளர் இதையே வருடக்கணக்காகப் படம்பிடித்து ஆராய்கிறார். ஆட்டக்காரர் பந்தை வாங்குவதற்கு முந்தைய சில நொடிகளில் எத்தனை முறை பந்தைவிட்டுக் கண்ணை எடுத்துச் சுற்றிப் பார்க்கிறார் என்று எண்ணுகிறார். அதிகம் பார்ப்பவர்களின் பாஸ்தான் அதிகம் போய்ச் சேர்கிறது. ஸாவி, லாம்பார்ட் போன்ற நடுக்கள ஆட்டக்காரர்கள் ஆடிய பழைய ஆட்டங்களைப் போட்டுப் பந்தைப் பார்க்காமல் அவர்கள் தலையை மட்டும் பாருங்கள், கழுத்து ஓயவே ஓயாது.

இதற்காகக் கோச் பின்னால் நின்று விரலைக் காட்டுவார், பையன் திரும்பிப் பார்த்து "மூணு" என்று கத்த வேண்டும் என்று ஒரு டிரில் உலவுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பையன் விரல் எண்ணக் கற்றுக்கொள்வான், ஆட்டத்தில் விரல் காட்ட யாரும் வரப்போவதில்லை. அவன் பார்க்க வேண்டியது எதிராளி எவ்வளவு கிட்டத்தில் வருகிறான், எந்தப் பக்கம் இடம் காலியாக இருக்கிறது என்பதை. அதனால் அவனுக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு எதிராளியை வையுங்கள். சில நேரம் அவன் நெருங்கட்டும், சில நேரம் நிற்கட்டும். நெருங்கினால் ஒரே தொடுகையில் வந்த வழியே திருப்பிக் கொடு, நின்றால் திரும்பி முன்னால் ஆடு. பார்க்காதவன் தானாக மாட்டிக்கொள்வான். நீங்கள் வாயே திறக்க வேண்டாம்.

உடம்பும் முக்கியம். பந்து வரும் திசைக்கு நெஞ்சைக் காட்டி நின்றால் பாதி மைதானம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். பக்கவாட்டாக, கதவைப் பாதி திறந்து வைத்தமாதிரி நின்று, தூரத்துக் காலால் வாங்கினால் முதல் தொடுகையே அடுத்த பாஸுக்குத் தயாராக இருக்கும்.

கோல்தான்_முக்கியம்

இழை முழுக்கப் படித்தேன். எல்லோரும் பாஸ் என்றால் புண்ணியம் என்று நினைத்து எழுதுகிறீர்கள். ஒரு எதிர்க்குரல் வேண்டாமா?

2018 உலகக் கோப்பையில் ரஷ்யாவுக்கு எதிராக ஸ்பெயின் ஆயிரத்துக்கும் மேல் பாஸ் போட்டது. பெனால்டியில் தோற்று வீட்டுக்குப் போனது. 2022-இல் மொராக்கோவோடு மறுபடி ஆயிரத்தைத் தாண்டியது, அந்த ஷூட் அவுட்டில் ஸ்பெயினின் ஒரு பெனால்டிகூட உள்ளே போகவில்லை. பந்தை உருட்டிக்கொண்டே இருப்பதற்குப் பேர் கால்பந்து இல்லை.

பெரியவர்களை விடுங்கள். சின்னப் பிள்ளையிடம் "ரெண்டே தடவைதான் தொடலாம், ரெண்டே டச், பாஸ் போடு, பாஸ் போடு" என்று நச்சரித்தால் எதிராளியைத் தாண்டிப் போகும் தைரியம் எப்போது வரும்? எங்கள் குழுவில் ஒரு குட்டிப் பெண், மூன்று பேரைத் தாண்டி ஓடுவாள். முன்னாள் கோச் ஒருத்தர் அவளை ஒரு வருடம் ரெண்டு டச்சிலேயே பழக்கினார். இப்போது வழி முழுசாகத் திறந்திருந்தாலும் நின்று பின்னால் திரும்பிப் பாஸ் தேடுகிறாள். அவளை மறுபடி ஓடவைக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

எட்டாம்_நம்பர்

ஸ்பெயினைச் சொன்னீர்கள். அதே ஸ்பெயின் 2010-இல் ஏழு ஆட்டத்தில் எட்டே கோல் அடித்து உலகக் கோப்பையை வாங்கியது. பாஸ் அதிகம் என்பதால் ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை.

ஆனால் டச் கட்டுப்பாடு பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. 'ரெண்டு டச்' என்பது கோச்சின் சோம்பேறித்தனம் என்று இப்போது எனக்கே படுகிறது. பையன் யோசிக்க வேண்டியதை நாம் யோசித்துக் கொடுத்துவிடுகிறோம். பாஸுக்கு உதாரணமாக எல்லோரும் காட்டும் 1974 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கிக் ஆஃப் முதல் நெதர்லாந்து பந்தை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டே இருந்தது, பெனால்டியில் முதல் கோல் விழும் வரை மேற்கு ஜெர்மனியின் கால் பந்தில் படவே இல்லை. சரி, அந்தப் பெனால்டி எப்படிக் கிடைத்தது? அப்போது நெதர்லாந்துக்கு ஆடிய க்ரைஃப் பந்தோடு ஓடினார், பகுதிக்குள் வீழ்த்தினார்கள். அத்தனை பாஸும் அந்த ஒரு ஓட்டத்துக்கு இடம் தேடிக் கொடுத்தது, அவ்வளவுதான்.

ஓடினால் ஆள் ஈர்க்கப்படுவான், ஆள் ஈர்க்கப்பட்டால் பாஸுக்கு வழி பிறக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்லிக்கொடுப்பதுதான் தப்பு.

கோல்தான்_முக்கியம்

இது நியாயம். அப்படியென்றால் ரொண்டோவோடு நிறுத்தாதீர்கள் கோச். ரொண்டோவில் கோல் கிடையாது, திசையும் கிடையாது. பாஸ் எதற்கு என்ற கேள்விக்கே அங்கே பதில் இல்லை.

ஹார்ஸ்ட் வைன் என்ற ஜெர்மானியர், ஹாக்கியிலிருந்து வந்தவர், ஃபுனினோ என்று ஒரு ஆட்டம் வகுத்தார். மூன்றுக்கு மூன்று, கீப்பர் கிடையாது, ஒவ்வொரு பக்கமும் இரண்டு சின்ன கோல். ஒரு கோலை எல்லோரும் அடைத்துக்கொண்டு நின்றால் மற்றது காலியாகக் கிடக்கும். தலையைத் தூக்கிப் பார்ப்பவனுக்குத்தான் அது தெரியும். ஓடலாமா, போடலாமா என்று ஒவ்வொரு தடவையும் அவனே முடிவு செய்ய வேண்டும். ஜெர்மனி கால்பந்துக் கழகம் 2024-25 பருவத்திலிருந்து சின்ன வயதுப் பிரிவுகளுக்கு இந்தமாதிரிச் சிறு ஆட்டங்களைக் கட்டாயமே ஆக்கிவிட்டது. ஆளுக்குப் பந்து கிடைக்கும் தடவைகளை எண்ணிப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

கணுக்கால்

ரொண்டோவை நான் ஒதுக்கச் சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். பத்து நிமிடம் காலுக்கு, மிச்சம் தலைக்கு. அவ்வளவுதான் என் கோரிக்கை.

அந்தப் பத்து நிமிடத்திலும் சொல்லும் விதத்தை நானே மாற்றிக்கொண்டேன். முன்பெல்லாம் "கணுக்காலை விறைப்பாக்கு, முழங்காலை மடக்கு, இடுப்பைத் திருப்பு" என்று உடம்பை உறுப்பு உறுப்பாகப் பிரித்துச் சொல்வேன். பிள்ளை பொம்மலாட்டப் பொம்மை மாதிரி ஆகிவிடும். காப்ரியேல் வுல்ஃப் என்ற ஆராய்ச்சியாளர் இதைப் பல வருடங்களாகச் சோதித்திருக்கிறார்: உடம்பின் அசைவை நினைப்பதைவிட, அந்த அசைவால் வெளியே என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தால் நன்றாக வருகிறது. அதனால் இப்போது "பந்து புல்லை விட்டு எழும்பாமல் அவன் வலது பூட்ஸுக்குப் போகட்டும்" என்று மட்டும் சொல்கிறேன். கணுக்கால் தானாகச் சரியாகிவிடுகிறது. பயனர் பெயரை மாற்ற வேண்டியதுதான்.

வீட்டுக்கு ஒரே பாடம்: சுவர். தினமும் பத்து நிமிடம், இரண்டு காலும். நெதர்லாந்து ஆட்டக்காரர் டென்னிஸ் பெர்காம்ப் சிறுவனாகச் சுவரில் அடித்து அடித்துப் பழகியவர். சுவர் பொய் சொல்லாது, நீங்கள் கோணலாகக் கொடுத்தால் கோணலாகவே திருப்பித் தரும்.

இடதுகால்_அம்மா

சுவர் பொய் சொல்லாது, ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொல்வார்.

நீளக்கால்

புதிதாக வருகிறேன், குறுக்கே ஒரு வார்த்தை. பதின்மூன்று, பதினான்கு வயதுக் குழு வைத்திருப்பவர்கள் கவனிக்க. நேற்றுவரை அழகாகப் பாஸ் போட்ட பையன் திடீரென்று தடுமாறினால் முதலில் அவன் பேன்ட் குட்டையாகிவிட்டதா என்று பாருங்கள். மளமளவென்று வளரும் காலத்தில் கால் நீளம் மாறிவிடுகிறது, பழைய அளவில் வீசினால் பந்தில் சரியாகப் படாது. குதிகாலிலோ முட்டிக்குக் கீழேயோ வலி என்றால் ஓட்டத்தைக் குறைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். திட்டாதீர்கள், பெஞ்சில் உட்காரவைத்து மறந்துவிடாதீர்கள்.

சனிக்கிழமை_கோச்

எல்லோருக்கும் நன்றி. ஒரே வாரத்தில் செய்தது: பந்துகளை மாற்றினேன், வரிசை டிரில்லை நிறுத்தினேன், ரொண்டோ வைத்தேன். வைத்ததும் புதுப் பிரச்சினை. நன்றாக ஆடாத இரண்டு பேர் எப்போது பார்த்தாலும் நடுவிலேயே கிடக்கிறார்கள். ஒருத்தன் அழுதே விட்டான். கணுக்கால் சார் சொன்ன அவமானம் இதுதான் போல.

எட்டாம்_நம்பர்

தப்பு செய்தவன் நடுவுக்குப் போகும் முறையை விட்டுவிடுங்கள். அது பெரியவர்கள் சிரித்துப் பேசி உடம்பைச் சூடுபடுத்திக்கொள்ளும் வழக்கம். பிள்ளைகளுக்கு நேரம் வையுங்கள். நாற்பது நொடி ஒருத்தன் நடுவில், எத்தனை முறை பந்தைத் தட்டினான் என்று எண்ணுங்கள், அப்புறம் அடுத்தவன். நடுவில் இருப்பது தண்டனையிலிருந்து வேட்டையாக மாறிவிடும். அந்த இரண்டு பேர் வெளியே நிற்கும் முறை வரும்போது சதுரத்தை ஒரு மீட்டர் பெரிதாக்குங்கள், யாரிடமும் சொல்லாமல். கோனைக் காலால் நகர்த்தினால் போதும்.

சனிக்கிழமை_கோச்

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

கோனைக் காலால் நகர்த்துவது என் வாழ்க்கையில் செய்த மிக ரகசியமான வேலை. ஒருத்தரும் கவனிக்கவில்லை. அழுத பையன் போன புதன்கிழமை நாற்பது நொடியில் ஏழு முறை தட்டினான், அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

இடதுகால்_அம்மா சொன்னபடி ஒரு பாதி ஆட்டம் எண்ணினேன். ஆறாம் நம்பர் காலில் பந்து இருக்கும்போது கத்தியவர்கள்: அவன் அப்பா, இன்னொரு பையனின் தாத்தா, நான். அதிகம் கத்தியது நான்தான். இரண்டாம் பாதியில் கையைக் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். பெற்றோர்களிடமும் பேசினேன், பாதிப் பேர் கேட்டார்கள்.

நேற்றைய ஆட்டத்தில் ஒரு காட்சி. ஆறாம் நம்பர் நடு வட்டத்துக்குக் கொஞ்சம் பின்னால் நிற்கிறான். வலது பக்கத் தடுப்பாட்டக்காரனிடமிருந்து பந்து வருகிறது. வருவதற்கு முன்னால் அவன் தலை ஒருமுறை இடது தோளுக்கு மேல் போய் வந்தது. நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். எதிராளி ஒருத்தன் முன்பக்கமிருந்து ஓடி வருகிறான். இவன் பாதத்தைப் பந்தின் மேல் வைத்து அரை நொடி நிறுத்தினான். வழக்கமாக ஓங்கி அடிக்கும் இடம் அது. ஓரத்தில் தாத்தா "அடிடா!" என்றார். இவன் அடிக்கவில்லை. உடம்பைத் திருப்பி, நிதானமாக, தரையோடு, கீப்பருக்குத் தள்ளினான். எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும்போல இருந்தது.

அது கோலாகிவிட்டது. நம் கோலில்.

கீப்பர் பையன் வலது காலால் நிறுத்தப் போனான், பந்து பூட்ஸில் உரசி உள்ளே போய்விட்டது. 3-1 தோல்வி. ஆனால் முதல் பாதியில் ஐந்து பாஸ் தொடர்ந்து சேர்ந்தது, இரண்டு தடவை. எழுதி வைத்திருக்கிறேன்.

பழைய_கீப்பர்

வாழ்த்துகள். ஒரே ஒரு கேள்வி. அந்தப் பாஸ் கம்பத்துக்கு வெளியே போகும் திசையிலா, நேராகக் கோலை நோக்கியா?

சனிக்கிழமை_கோச்

நேராக.

பழைய_கீப்பர்

மேலே எழுதியிருந்தேனே தம்பி.

சனிக்கிழமை_கோச்

படித்தேன் அண்ணா. பிள்ளைகளிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

பழைய_கீப்பர்

சரி, புதன்கிழமை கம்பத்துக்கு இரண்டு மீட்டர் தள்ளி ஒரு கோன் வையுங்கள். கீப்பர் பையன் அங்கே போய் நின்று வாங்கட்டும். முதல் பாஸை ஆறாம் நம்பரே போடட்டும்.